அந்த ஸ்விட்ச் எதற்கு?

பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுத வைப்பது எப்படி என்று வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, 29 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவரும், இப்போது வாரம் ஒரு நாள் சிறுவர்களுக்கு எழுத்து வகுப்பு எடுப்பவருமான நம் வாசகி பதில் சொல்கிறார்.

ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘என் வாழ்வில் மறக்க முடியாத நாள்’ என்று கட்டுரை கொடுத்தேன். 42 நோட்டு வந்தது. ஏறக்குறைய எல்லாரும் அதிகாலையில் எழுந்து, பேருந்தில் ஏறி, இயற்கை அழகைக் கண்டு களித்து, மகிழ்ச்சியுடன் வீடு திரும்பியிருக்கிறார்கள். திருத்தி முடிப்பதற்குள் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?
— ஓர் ஆசிரியை

தலைப்பிலேயே தப்பு இருக்கிறது டீச்சர். ‘மறக்க முடியாத நாள்’ என்றதும் பதினொரு வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? பெரிதாக ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கும். தனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லையே என்று பார்க்கும். உடனே கட்டுரைப் புத்தகத்தில் இருக்கும் இன்பச் சுற்றுலாவுக்குக் கிளம்பிவிடும். அந்தச் சுற்றுலாவுக்கு நானும் போயிருக்கிறேன், நீங்களும் போயிருப்பீர்கள். கண்டோம், களித்தோம், திரும்பினோம். அந்த பஸ்ஸில் இதுவரை ஒருத்தருக்கும் வாந்தி வந்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் நானும் இதே தலைப்பைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னை மாற்றியது ஒரு பையன். வீடு மாறியதைப் பற்றி மூன்றே வரி எழுதியிருந்தான். “நாங்கள் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு மாறினோம். புது வீடு பெரியது. எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.” கீழே சிவப்பு மையில் ‘இன்னும் விரிவாக எழுதுக’ என்று எழுதப் போனேன். எல்லா நோட்டிலும் அதைத்தான் எழுதுவேன். அன்று ஏனோ பேனாவை மூடிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

“லாரி வந்துடுச்சு, சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள கடைசியா நீ என்னடா செஞ்ச?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “ஒரு ஸ்விட்ச் போட்டேன் டீச்சர்.”

“எந்த ஸ்விட்ச்?”

“கதவுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கும். போட்டா எதுவும் எரியாது. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது.”

“இதை எழுதிட்டு வா” என்றேன். மறுநாள் ஒரு முழுப் பக்கம் வந்தது. மகிழ்ச்சி என்ற சொல் அதில் இல்லை, வருத்தம் என்ற சொல்லும் இல்லை. அப்பா கீழே நின்று கத்துகிறார். இவன் மாடிக்கு ஓடுகிறான். வெறும் வீட்டில் இவன் செருப்புச் சத்தம் இரண்டு இரண்டு தடவையாகக் கேட்கிறது. ஸ்விட்சைப் போடுகிறான், எதுவும் எரியவில்லை. ‘அணைக்காமலே வந்துவிட்டேன்’ என்று முடித்திருந்தான்.

நான் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் ஓடிக் கடந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவைத்தேன், அவ்வளவுதான். ‘விரிவாக எழுது’ என்றால் பிள்ளைக்குப் புரியாது. எதை விரிப்பது என்று தெரிந்திருந்தால் அது ஏன் மூன்று வரியில் முடிக்கிறது? ‘உனக்கு எப்படி இருந்தது’ என்றும் கேட்காதீர்கள். மகிழ்ச்சி, வருத்தம், பயம் என்று மூன்று பதில்தான் திரும்பத் திரும்ப வரும். எங்கே நின்றாய், கையில் என்ன வைத்திருந்தாய், யார் முதலில் பேசினார்கள், அப்போது என்ன சத்தம் கேட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

டால்ஸ்டாய் தன் ஊரான யாஸ்னயா போல்யானாவில் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவர்களோடு உட்கார்ந்து கதை எழுதியதைப் பற்றி 1862இல் ஒரு கட்டுரை எழுதினார். கதையில் வரும் ஓர் ஆள், அவசரத்தில் பெண்கள் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான் என்று எழுதச் சொன்னானாம் ஒரு பையன். அந்த ஒரு கோட்டில் ஆளே கண்முன் வந்து நிற்கிறானே என்று டால்ஸ்டாய் அசந்துபோனார். யார் யாரிடம் எழுதக் கற்றுக்கொள்வது என்பதுதான் அந்தக் கட்டுரை முழுக்க அவருக்கு வந்த சந்தேகம். அவருக்கே வந்தது என்றால் நமக்கு வரலாம், தப்பில்லை.

42 பேரிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். ஒரு நாளைக்கு நாலு பேரைக் கூப்பிட்டால் பதினொரு வேலை நாளில் வகுப்பு முடிந்துவிடும். மற்றவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் கேள்வி மட்டும் கேட்கட்டும். ‘சூப்பர்’, ‘நல்லாயில்ல’ எதுவும் சொல்லக்கூடாது. பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே கேட்பார்கள். “அந்த ஸ்விட்ச் இப்பவும் ஆன்லயேதான் இருக்குமாடா?” என்று அவன் பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்டது எனக்குத் தோன்றவே இல்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. “எழுதறதுக்கு என் லைஃப்ல எதுவுமே நடக்கலப்பா” என்கிறாள். நாலு இடம் கூட்டிக்கொண்டு போனால் விஷயம் கிடைக்குமா?
— ஒரு தந்தை

கூட்டிக்கொண்டு போங்கள் சார், நல்லதுதான். எழுத்துக்காக வேண்டாம்.

வகுப்பின் முதல் நாள் நான் கேட்கும் கேள்வி இதுதான்: “உன் உடம்பில் எங்கே தழும்பு இருக்கிறது?” ஒன்பது வயதுக்குள் ஒரு தழும்புகூட வாங்காத பிள்ளை அபூர்வம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்காலைக் காட்டிக்கொண்டு வகுப்பே அமளிப்படும். எப்படி வந்தது, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், யாருக்குத் திட்டு விழுந்தது என்று கேட்டால் கதை தானாக வந்து உட்காரும். எனக்கும் வலது புருவத்தில் ஒன்று இருக்கிறது. அக்கா கதவைச் சாத்தியதில் பட்டது. கதவைச் சாத்தியது தான் இல்லை, காற்று என்று அக்கா ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. சாயந்திரம் “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருந்துச்சு” என்று வரும், பேச்சு அதோடு முடிந்தது. பெற்றோர் பிள்ளைகளோடு பழையதைப் பேசுகிற விதத்தை ராபின் ஃபைவுஷ், இலெய்ன் ரீஸ் போன்ற உளவியலாளர்கள் பல வருடம் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு’, ‘வேற யார் இருந்தா’ என்று தூண்டிக் கேட்டு, தங்களுக்கு நினைவிருப்பதையும் சேர்த்துப் பேசுகிற பெற்றோரின் பிள்ளைகள், பின்னாளில் தங்களுக்கு நடந்ததை இன்னும் விவரமாகச் சொல்கிறார்கள் என்று கண்டார்கள். உங்கள் மகளுக்கு விஷயம் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் கிடைத்தால் பேசிவிடுவாள். பேசிய சூட்டோடு நோட்டைக் கையில் கொடுங்கள்.

பத்து வயது மகள் எங்கள் பயணத்தைப் பற்றி எழுதியதில் நடக்காத ஒரு சம்பவம் இருக்கிறது. ரயிலில் தன் பொம்மை தொலைந்து கிடைத்ததாக எழுதியிருக்கிறாள். பொம்மை தொலையவே இல்லை. கேட்டால் “தொலைஞ்சுதும்மா” என்று சாதிக்கிறாள். பொய்யை வளர்க்கிறோமோ என்று கவலையாக இருக்கிறது.
— ஒரு தாய்

பொம்மை தொலையவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்மா? நீங்கள் தூங்கியிருக்கலாம். இருக்கையின் அடியில் விழுந்து ஐந்து நிமிடம் தேடியிருந்தால்கூட அவளுக்கு அது தொலைந்ததுதான்.

சரி, நிஜமாகவே நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 1995இல் நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய மாணவி ஒருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்கள் 24 பேர், பெரியவர்கள்தான். “நீ சின்ன வயதில் கடைக்குள் தொலைந்துபோனாய்” என்று, நடக்காத ஒன்றை வீட்டார் சொன்னதாகச் சேர்த்துச் சொன்னார்கள். கால்வாசிப் பேருக்கு அது முழுதாகவோ அரைகுறையாகவோ ‘நினைவு வந்துவிட்டது’. பெரியவர்கள் நிலைமையே இப்படி. பத்து வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்லிக்கொடுக்கலாம். ‘இது எனக்குச் சரியாக நினைவில்லை’, ‘அம்மா வேறு மாதிரி சொல்கிறாள்’ என்று எழுத்திலேயே எழுதலாம் என்பதை. பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நினைத்து, சந்தேகம் இருக்கிற இடத்தில் எதையாவது போட்டு நிரப்பிவிடும். ‘நான் தொலைந்தது என்கிறேன், அம்மா தொலையவில்லை என்கிறாள்’ என்று அவள் எழுதினால் எனக்கு அனுப்புங்கள். நான் அந்தப் பக்கம்தான் படிப்பேன்.

பேரன் கதை கதையாக எழுதுகிறான், சந்தோஷம். ஆனால் வரிக்கு இரண்டு பிழை. ‘ர’ எது ‘ற’ எது என்று தெரியவில்லை. “அக்கா ‘போய்த் தொல’ன்னா” என்று பேச்சு வழக்கை அப்படியே எழுதுகிறான். அவனுடைய ஆசிரியை திருத்துவதே இல்லை. இப்படி விடலாமா?
— ஒரு தாத்தா

நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன் ஐயா, ரொம்ப வருடம். ஒரு சிறுமி, சண்டை போட்ட அக்காவைப் பற்றி எழுதியிருந்தாள். அக்கா சொன்னது இதே “போய்த் தொலை” தான். நான் அதை அடித்து, “‘அப்பால் செல்’ என்று தமக்கை கூறினாள்” என்று திருத்தினேன். இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் அதைப் படித்துவிட்டு, “எங்கக்கா இப்படியெல்லாம் பேசாது டீச்சர்” என்றாள். பாவம், அவளுக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. அவளையும் நான் வாங்கிக்கொண்டு ஒரு தமக்கையைக் கொடுத்துவிட்டேன்.

நம் மொழியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். பிள்ளை வாழ்வது ஒரு தமிழில், எழுத வேண்டியது இன்னொரு தமிழில். வாழ்க்கையை எழுது என்று சொல்லிவிட்டு, அந்த வாழ்க்கை நடந்த மொழியை வாசலிலேயே கழற்றிவைக்கச் சொன்னால் அது எதைக் கொண்டு எழுதும்? நான் இப்போது வைத்திருக்கும் வழக்கம் இது: நடந்ததை எழுத்துத் தமிழில் எழுது, பேசியதைப் பேசியபடியே, மேற்கோள் குறிக்குள் எழுது. இதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. ‘போனேன்’ என்று எழுதினால் அதைச் ‘சென்றேன்’ ஆக்குவதும் இல்லை. ‘போனேன்’ நல்ல தமிழ்தான்.

ர, ற விஷயத்துக்கு வருகிறேன். திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எப்போது என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம். முதலில் எழுதியதில் கை வைக்காதீர்கள். படியுங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது திருத்தலாம், அதுவும் ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழை. இந்த வாரம் ‘ற’ என்றால் ‘ற’ மட்டும்தான். ‘ல, ள, ழ’ அடுத்த மாதம் வரை உயிரோடு இருக்கட்டும்.

அப்புறம், படிக்க ஆள் இருந்தால் பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள். பிரான்சில் செலஸ்டின் ஃப்ரெனே என்று ஓர் ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டதால் வகுப்பில் நீண்ட நேரம் சத்தமாகப் பேச முடியாது. 1920களில் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து, அச்சடித்து, தூரத்தில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கையில் எடுத்துக் கோக்கும்போது பிழை விட மனசு வருமா? உங்கள் பேரனிடம் அச்சு இயந்திரம் வேண்டாம். தூரத்தில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளை ஒருவருக்கு இந்தக் கதையைக் கடிதமாக அனுப்பச் சொல்லுங்கள். ‘ற’ என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

மகன் தன் பாட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று வீட்டுப்பாடம். செயற்கை நுண்ணறிவு ஆப்பில் கேட்டு எழுதிவிட்டான். படித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது, அவ்வளவு அருமை! திட்டுவதா, விடுவதா?
— ஒரு தாய்

அது யாருடைய பாட்டி என்று மட்டும் கேளுங்கள்.

மகன் எழுதியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். அவனோ இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?
— ஒரு தந்தை

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை சார். ஒரு சிறுமி, இரவில் கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயந்து தம்பியை எழுப்பிக்கொண்டு போவதைப் பற்றி எழுதியிருந்தாள். தம்பிக்கு அதற்குக் கூலி, நாளைக்கு ஒரு ஸ்டிக்கர். எவ்வளவு அழகு! எனக்கு இருந்த சந்தோஷத்தில், அவளைக் கேட்காமல் வகுப்பில் சத்தமாக வாசித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் எழுதியதெல்லாம் இன்பச் சுற்றுலாதான். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல டீச்சர்” என்றாள். ஆனால் பழைய மாதிரி ஒரு வரிகூட என்னிடம் வரவில்லை.

அதிலிருந்து என் வகுப்பில் ஓரத்தை மடித்த பக்கம் என் கண்ணுக்கு மட்டும். மடிக்காத பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் வாசிப்பேன். நீங்கள் குழுவில் போட்டதை எடுத்துவிடுங்கள், எடுத்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லுங்கள். “உன் நல்லதுக்குத்தானே” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ‘என் வீடு’ என்று எழுதச் சொன்னதில் ஒரு மாணவி, வீட்டில் ஒருவர் தன்னைத் தினமும் அடிப்பதாகவும், இரவில் பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறாள். என்ன செய்வது என்று தெரியாமல் கை நடுங்குகிறது.
— ஓர் இளம் ஆசிரியை

அந்தப் பக்கத்தில் பேனா வைக்காதீர்கள். மதிப்பெண்ணும் வேண்டாம், ‘நன்று’வும் வேண்டாம். இன்றைக்கே அவளைத் தனியாக, ஆனால் கதவு திறந்திருக்கிற இடத்தில் உட்கார வைத்து, “நீ எழுதினதைப் படிச்சேன். எங்கிட்ட சொன்னது நல்லது. உன்மேல எந்தத் தப்பும் இல்ல” என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். ஸ்விட்ச் கதையில் கேட்ட மாதிரிக் கேள்விகளுக்கு இது இடம் இல்லை. அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும். “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துகொடுக்கவே கூடாது. உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை அவளிடமே சொல்லுங்கள்.

அன்றே தலைமையாசிரியரிடமும், குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடமும் தெரிவியுங்கள். பல நாடுகளில் ஆசிரியருக்கு இது சட்டப்படியான கடமையும்கூட. வீட்டுக்கு முதலில் போன் செய்யாதீர்கள். எடுப்பது அந்த ஆளாகவே இருக்கலாம். அவள் எழுதியதைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ‘சின்ன விஷயம், பெரிதாக்காதீர்கள்’ என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதற்காக நிறுத்தவேண்டாம், அடுத்தவரிடம் போங்கள்.

நான் வருட ஆரம்பத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுவேன்: “மடித்த பக்கத்தை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். உங்களில் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பெரியவர்களிடம் சொல்லுவேன்.” தெரிந்துதான் எழுதுவார்கள். ‘என் வீடு’ என்று தலைப்புக் கொடுத்தால், கூடவே வேறு இரண்டு தலைப்பும் கொடுங்கள். வீட்டைப் பற்றி எழுத முடியாத பிள்ளை ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

உங்கள் கை நடுங்கட்டும், பரவாயில்லை. அவள் உங்களைத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறாள்.

எனக்கு 12 வயசு. டைரி எழுதறேன். அம்மா எனக்குத் தெரியாம எடுத்துப் படிக்கிறாங்க. ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சிடறாங்க. நான் எழுதறதை நிறுத்திடவா?
— ஒரு வாசகி

நிறுத்தாதே கண்ணு. ஆன் ஃபிராங்க் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1942 ஜூன் 12, அவளுடைய 13ஆவது பிறந்தநாள். அன்று கிடைத்த நோட்டில் எழுத ஆரம்பித்தாள். முதலில் தனக்காகத்தான் எழுதினாள். யூதக் குடும்பம் என்பதால், அடுத்த மாதமே நாஜிகளுக்குப் பயந்து எல்லாரும் தலைமறைவாக வேண்டி வந்தது. ஒரே இடத்தில் எட்டுப் பேர், யாரும் வெளியே போக முடியாது. 1944 மார்ச்சில், போர்க் காலத்து டைரிகளும் கடிதங்களும் பின்னால் சேகரிக்கப்படும் என்று வானொலியில் ஓர் அமைச்சர் பேசியதைக் கேட்டாள். அப்புறம்தான் மற்றவர்கள் படிப்பதற்கென்று தனித் தாள்களில் திருத்தி எழுத உட்கார்ந்தாள். சிலதை விட்டாள், சிலதைச் சேர்த்தாள். ஆக, அவளிடம் இரண்டு இருந்தன: தனக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று.

நீயும் இரண்டு வைத்துக்கொள். ஒன்றை மேஜைமேல் திறந்தே வை. அதில், இன்று அம்மா என் டைரியைப் படித்தாள், எந்த அறையில் நின்று படித்தாள், நான் வரும் சத்தம் கேட்டதும் எதை எடுத்துத் துடைக்கிற மாதிரி நடித்தாள் என்று எல்லாம் எழுது. உனக்கு அருமையான விஷயம் கிடைத்திருக்கிறது, விடாதே. இன்னொரு நோட்டை எங்கே வைப்பது என்று நான் இங்கே சொல்ல முடியாது. உன் அம்மாவும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் இல்லையா?

அம்மா, உங்களுக்கு ஒரு வார்த்தை: அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.